பதினோராம் எண் பிஸ்டல்

வங்கிகளுக்குக் காவலாளிகளை அனுப்பும் நிறுவனம் அது. அங்கே துப்பாக்கிகளைப் பழுதுபார்க்கும் மெக்கானிக்கும் ஆயுத அறைப் பொறுப்பாளரும் சகலைகள். மூத்தவரான பொறுப்பாளர்தான் மெக்கானிக்கை இந்த வேலையில் சேர்த்துவிட்டவர். அவர் நீட்டிய காகிதத்தில் மெக்கானிக் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடுவார்.

போன மாதப் பயிற்சியில் ஒரு பெண் காவலாளியின் பிஸ்டலில் மூன்று முறை தோட்டா சிக்கியது.

"அந்தப் பொண்ணு அதைத் தொடைக்கிறதே இல்ல சகலை. பராமரிப்பு சரியில்லன்னு எழுதிடு," என்றார் பொறுப்பாளர்.

மெக்கானிக் எழுதினார். அவளைத் துப்பாக்கி இல்லாத வாசல் காவலுக்கு மாற்றினார்கள்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை அவள் பட்டறைக்கே வந்து நின்றாள். "என் மேல எழுதுறதுக்கு முன்னாடி ஒரு தடவையாவது கழட்டிப் பாத்தீங்களா சார்?"

அவருக்குச் சுருக்கென்றது. பொறுப்பாளர் அன்று விடுப்பு. மெக்கானிக் தன்னிடமிருந்த சாவியால் ஆயுத அறையைத் திறந்து, அவளுடைய பதினோராம் எண் பிஸ்டலை எடுத்துவந்தார். தோட்டாக்கள் அடுக்கும் மேகசினைக் கழற்றினார். உள்ளே தோட்டா இல்லை என்று கண்ணாலும் விரலாலும் உறுதிசெய்த பிறகு லேசாகக் குலுக்கினார். கடகடவென்றது.

வெறும் ஆட்டத்தை வைத்து எதையும் சொல்லிவிட முடியாது. புதிதிலும் கொஞ்சம் இடைவெளி இருக்கும். ஒப்பிட்டுப் பார்க்க, வாங்கியபோது அதே பெட்டியில் வந்து, இப்போதுதான் வெளியூர்க் கிளையிலிருந்து திரும்பிய பன்னிரண்டாம் எண் பிஸ்டலையும் எடுத்தார். முன்னும் பின்னும் ஓடும் மேல்பாகமான ஸ்லைடை மூடிவைத்துக் குழலின் பின்பக்கத்தைக் கட்டைவிரலால் அழுத்தினார். பன்னிரண்டு அசையவில்லை. பதினொன்று அமுங்கி எழுந்தது.

இரண்டையும் பிரித்து மேசைமேல் பரப்பினார். பதினொன்றில் ஸ்லைடு ஓடும் தடம் கருமை போய்ப் பளபளத்தது. குழல் பூட்டிக்கொள்ளும் விளிம்பு அடிபட்டு மழுங்கியிருந்தது. ஸ்பிரிங் ஒரு விரல் அகலம் குட்டையாகிவிட்டது. சுட்டபின் மிஞ்சும் தோட்டாவின் வெற்று உறையை வெளியே இழுக்கும் கொக்கியின் முனை தெறித்திருந்தது. அழுக்கு எங்கேயும் இல்லை.

பதிவேட்டில் பார்த்தார். ஓராண்டில் சுட்டது முந்நூறு முறை.

"இது முந்நூறு இல்லம்மா. பல ஆயிரம்."

"ஞாயித்துக்கிழமைல இது இங்க இருக்காது சார். கேட்டா, சர்வீசுக்கு உங்ககிட்டப் போயிருக்குன்னு சொல்வாரு."

அவரிடம் அது ஒருநாளும் வந்ததில்லை. வெளியே போகும் பதிவேட்டைப் புரட்டினார். ஞாயிறு தவறாமல் 'சர்வீஸ்' என்று எழுதியிருந்தது. ஒவ்வொரு வரியின் கடைசியிலும் அவருடைய கையெழுத்து. போலி இல்லை, அவரே போட்டதுதான்.

மத்தியானம் சகலை வீட்டுக்குப் போனார். பொறுப்பாளர் மின்விசிறியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"பதினொண்ண எங்கண்ணே எடுத்துட்டுப் போனீங்க?"

பொறுப்பாளர் ஸ்டூலிலிருந்து இறங்கினார். மறைக்கக்கூட மெனக்கெடவில்லை. "ஊருக்கு வெளிய ஒரு தோட்டம். வசதியானவங்க காசு குடுத்து ஆசைக்குச் சுட்டுப் பாப்பாங்க. யாருக்கு என்ன நஷ்டம்?"

"பேங்குல எவனாவது புகுந்திருந்தா, அவ கையில இது சிக்கியிருக்கும்ணே."

"புகலையே. விடு."

"சரி, அதுக்கு எதுக்கு என் பேரு?"

"வேற யாருகிட்டப் போனாலும் ஆயிரம் கேள்வி கேப்பான். நீ கேக்கமாட்ட."

வேலை வாங்கித் தந்ததிலிருந்து தோளில் கை போட்டு நடந்தது வரை, எல்லாமே இதற்குத்தானோ என்று மெக்கானிக்குக்குத் தோன்றியது. செருப்பை மாட்டினார்.

"குடும்பத்த நெனச்சுப் பாரு சகலை!" என்ற குரல் படிக்கட்டு வரை வந்தது.

மறுநாள் மேலாளரிடம் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தார். பார்க்காமல் கையெழுத்திட்டதையும் எழுதினார். பொறுப்பாளருக்கு வேலை போயிற்று, போலீசும் விசாரித்தது. மெக்கானிக்கை மூன்று மாதம் இடைநீக்கம் செய்தார்கள். அந்தப் பெண்ணுக்குப் பழைய இடமும் வேறு துப்பாக்கியும் கிடைத்தன. ஒருநாள் வழியில் எதிர்ப்பட்டபோது அவள் நின்று, "உண்மைய எழுதிட்டீங்க சார்," என்றாள். நன்றி என்று சொல்லவில்லை. அதுதான் சரி என்று அவருக்கும் பட்டது.

வீட்டில் மனைவி இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள், "அக்காவப் பாத்துட்டு வரேன்," என்று கிளம்பினாள்.

"போய்ட்டு வா."

அரை மணி நேரத்தில் திரும்பிவிட்டாள். "உள்ளதான் இருக்கா. கதவத் தொறக்கல," என்று சுவரோரம் உட்கார்ந்தாள். அவர் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார்.