மேனேஜரின் வருமானம்

மழைக்கு ஒதுங்க வந்தவன் தலையிலும் இரட்டைக் கட்டில் மெத்தையைக் கட்டி அனுப்பிவிடுவார் மெத்தைக் கடைக்காரர். இருபது வருடத் தொழில். அதனால், நிறைமாத மனைவி, "நம்ம நாய் குழந்தையை ஏத்துக்குமா?" என்று கவலைப்பட்டபோது அவருக்குச் சிரிப்புதான் வந்தது.

"சரக்கு நல்ல சரக்கு. அவனுக்குப் பிடிக்க வைக்கிறது என் பொறுப்பு."

அவன் என்றால் மேனேஜர். ஐந்து வருடத்துக்கு முன் கடை வாசலில் காட்சிக்கு வைத்த மெத்தையில் தானாக வந்து படுத்து, ஒரு வேலையும் செய்யாமல் வருகிறவன் போகிறவனை எல்லாம் மேற்பார்வை பார்த்த பழுப்பு நாய். பெயர் அப்படித்தான் வந்தது. கூட்டிவந்த நாளிலிருந்து வீட்டில் அவன்தான் பிள்ளை.

அன்றே பயிற்சி ஆரம்பமானது. கைப்பேசியில் குழந்தை அழும் சத்தத்தைப் போடுவார். கூடவே ஒரு பிஸ்கட். முதல் நாள் மேனேஜர் கட்டிலுக்கு அடியில் பாய்ந்தது. பத்தாம் நாள், அழுகை கேட்டதும் வாலை ஆட்டிக்கொண்டு பிஸ்கட் டப்பா முன்னால் வந்து உட்கார்ந்தது.

குழந்தை வந்தாள். ஓடு பறக்கிற மாதிரி அழுதாள். வீட்டில் எல்லாரும் பதற, மேனேஜர் மட்டும் ஆனந்தமாக டப்பாவைப் பார்த்து நடந்தது. கடைக்காரருக்குப் பெருமை பிடிபடவில்லை. மெத்தை கேட்டு வந்தவர்களிடம் அளவைக்கூட விசாரிக்காமல் நாய்ப் புராணம் பாடினார்.

பெருமைக்கு ஆயுள் ஒன்பது நாள். பத்தாம் நாள் மாலை மனைவி வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

"உங்க மேனேஜர் என்ன பண்றான் தெரியுமா? பாப்பா தூங்கினா போதும், பூனை மாதிரி போறான். தொட்டில் கம்பிக்குள்ள மூஞ்சியை நீட்டி, ஈர மூக்கை அவ உள்ளங்கால்ல வைக்கிறான். அவ அலறறா. இவன் நேரா டப்பாகிட்ட போய் உட்கார்ந்துக்கறான். இன்னைக்கு மட்டும் ஏழு தடவை."

"ஏழா?" என்றார். என்ன மூளை என்று உள்ளுக்குள் குளிர்ந்தது முகத்தில் தெரிந்துவிட்டது.

"சிரிக்காதீங்க. நான் கண்ணை மூடி நாலு நாளாச்சு. அண்ணன்கிட்ட சொல்லிட்டேன். அவர் கோடவுனுக்குக் காவல் நாய் வேணுமாம். ஞாயித்துக்கிழமை வந்து கூட்டிட்டுப் போறாரு."

அவருக்குச் சிரிப்பு அடங்கியது. மச்சானின் கோடவுன் அவருக்குத் தெரியும். தகரக் கூரை, சிமெண்ட் தரை, கேட்டில் ஒரு சங்கிலி. பிறந்ததிலிருந்து எப்படியோ, அவர் கண்ணில் பட்டதிலிருந்து மேனேஜர் மெத்தையைவிட்டுக் கீழே படுத்ததில்லை.

ராத்திரி சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டுச் சொன்னார்: "தப்பு அவன்மேல இல்ல. அழுகைக்கு விலை வெச்சது நான். அவன் உற்பத்தி பண்றான்."

"அப்போ அமைதிக்கு விலை வைங்க," என்றாள், குழந்தையைத் தோளில் மாற்றிக்கொண்டே.

இருபது வருடத் தொழில் பிஸ்கட் டப்பாவை எடுத்து அவள் கையில் கொடுத்தது.

ஞாயிற்றுக்கிழமைக்கு ஆறு நாள் இருந்தது. பகலில் அவர் கடையில் இருப்பதால் பாரம் முழுதும் அவள் தலையில்தான். அவளோ படு கறார். தொட்டிலைச் சுற்றித் துணி கட்டினாள். நாலடி தள்ளி ஒரு மெத்தைத் துண்டு போட்டாள். குழந்தை அழுதால் நாயை யாரும் திரும்பிப் பார்க்கக்கூடாது. குழந்தை தூங்கி, நாய் தன் மெத்தையில் கிடந்தால், சத்தமில்லாமல் ஒரு பிஸ்கட்.

முதல் இரண்டு நாள் மேனேஜருக்குப் போணியே ஆகவில்லை. துணிக்குள் மூக்கு நுழையவில்லை. குழந்தை தானாக அழுதும் டப்பா திறக்கவில்லை. டப்பாவையும் அவளையும் மாறி மாறிப் பார்த்து, அலுத்துப்போய், மூன்றாம் நாள் மத்தியானம் மெத்தைத் துண்டில் விழுந்தது. வாயருகே பிஸ்கட் வந்தது. மேனேஜர் தலையைத் தூக்கி நெடுநேரம் யோசித்தது. ஐந்தாம் நாள், குழந்தை கண் செருகும்போதே தானாகப் போய்ப் படுத்துக்கொண்டது. ஞாயிற்றுக்கிழமை காலை துணியை அவிழ்த்துவிட்டாள். மூக்கு அந்தப் பக்கமே போகவில்லை.

மச்சான் வந்தார். ஆளுக்கு முன்னால் குரல் வந்தது. கையில் புதுச் சங்கிலி.

"எங்க மாப்பிள்ளை என் வாட்ச்மேன்? இருங்க, முதல்ல மருமகளைப் பார்த்துக்கறேன். என்னடி இது, மாமன் வந்திருக்கேன், தூங்கறே?" உள்ளங்காலைக் கிச்சுக்கிச்சு மூட்ட விரலை நீட்டினார்.

மேனேஜர் எழுந்தது. கடைக்காரரின் கண் சங்கிலிக்குப் போனது. ஒரு உறுமல் வந்தால் கதை முடிந்தது.

உறுமல் வரவில்லை. மேனேஜர் நிதானமாக நடந்து, மச்சானின் முழங்காலுக்கும் தொட்டிலுக்கும் நடுவில் உடம்பைச் செருகி, முழுப் பாரத்தையும் அவர்மேல் சாய்த்தது. மச்சான் ஓரடி பின்வாங்கினார். மறுபடி விரல் நீண்டது, மறுபடி சாய்ந்தது. இப்படியே கதவு வரை.

"என்ன மாப்பிள்ளை, தள்ளிக்கிட்டே வரான்?"

"கையை நீட்டாதண்ணா," என்றாள் அவள், குரலைத் தாழ்த்தி. "பாப்பா முழிச்சா அவனுக்கு வருமானம் போயிடும்."

"அப்போ கோடவுனுக்கு?"

"வேற ஆளைப் பாரு. இவனுக்கு இங்க வேலை இருக்கு."

மச்சான் சங்கிலியைச் சுருட்டிச் சட்டைப்பையில் திணித்தார். "மாப்பிள்ளை, நாய் வேணாம். கோடவுன்ல ரெண்டு பேர் வேலை நேரத்துல தூங்கறானுங்க. ஒரு வாரம் என் தங்கச்சியை அனுப்புங்க."

"அவளுக்கு ஏது மச்சான் நேரம்," என்று நெஞ்சை நிமிர்த்திச் சத்தமாகவே சொல்லிவிட்டார் கடைக்காரர்.

மனைவி முறைத்தாள். மேனேஜரும் திரும்பிப் பார்த்தது.

"இவனைத் திருத்த அவளுக்கு ஆறே நாள் மச்சான்," என்றார் அவர், கிசுகிசுப்பாக.