தூங்கிப் பார்த்த வீடு

வீடு பார்க்க வருகிறவர்கள் குழாயைத் திறந்து பார்ப்பார்கள், ஜன்னலை ஆட்டிப் பார்ப்பார்கள். தலையணையும் போர்வையுமாக வந்து இறங்கிய ஜோடியை அந்தப் புரோக்கர் தன் ஆயுளில் கண்டதில்லை.

“என்ன சார், அட்வான்ஸே இன்னும் கொடுக்கல. அதுக்குள்ள குடி வந்துட்டீங்களா?”

“இல்லைங்க. என் வீட்டம்மா இங்க கொஞ்ச நேரம் தூங்கிப் பார்க்கணும்.” சொல்லும்போதே கணவனுக்குக் காது சூடாகிவிட்டது.

லிஃப்ட் ரிப்பேர் அவன் தொழில். நகரத்தில் அவன் கால் படாத பகுதி இல்லை என்பதில் அவனுக்குக் கொஞ்சம் தலைக்கனமே உண்டு. “ஒரு ஏரியா நல்லதா கெட்டதான்னு லிஃப்டுக்குள்ள ரெண்டு நிமிஷம் நின்னா சொல்லிடுவேன். பின்னால ஓடி வர்றவங்களுக்காகக் கதவைப் பிடிச்சிட்டு நிக்கிறாங்களா, இல்ல பட்டனை அமுக்கிட்டுப் போய்க்கிட்டே இருக்காங்களா? அவ்வளவுதான் விஷயம்” என்று கல்யாணமான நாளிலிருந்து அளந்துகொண்டிருந்தான். அவளும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள், வேறு வழி?

அவள் பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸ். எப்போதும் இரவு வேலைதான். ஊர் எழுந்திருக்கும்போது அவள் படுப்பாள். இப்போதிருக்கும் வீட்டை ஒட்டி ஒரு அடுக்குமாடி எழும்பத் தொடங்கியதிலிருந்து பொட்டுத் தூக்கம் இல்லை. போன வாரம் ஒரு நோயாளியின் மாத்திரையை அடுத்த கட்டில் பெரியவரிடம் நீட்டிவிட்டாள். தலைமை நர்ஸ் பாய்ந்து வந்து கையைப் பிடித்ததால் ஆபத்து இல்லை. இன்னொரு தடவை நடந்தால் வேலையில் இருக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். வேலை போவதைப் பற்றி அவள் பேசவே இல்லை. “அந்த மனுஷன் என்னை நம்பி வாயைத் திறந்தாருங்க” என்றுதான் அழுதாள். அவள் அழுது அவன் பார்த்ததில்லை.

அன்றிலிருந்து வேலை முடிந்த கையோடு தெருத் தெருவாக வீடு பார்க்க அலைந்தான். இரவு ஒன்பது மணிக்குப் பார்த்தால் எந்தத் தெருதான் சாது இல்லை! கடைசியில் அவள்தான் சொன்னாள்: “நீங்க பார்க்குறது ராத்திரி. நான் தூங்கப் போறது பகல். நானே படுத்துப் பார்க்குறேன்.”

முதலில் படுத்துப் பார்த்தது, கண்ணாடி பதித்த லிஃப்ட் இருந்த குடியிருப்பில். லிஃப்டைப் பார்த்ததுமே அவன் சொக்கிப்போயிருந்தான். அவள் கண்ணயர்ந்த நேரம், அடுத்த வீட்டில் சுவரைத் துளைக்க ஆரம்பித்தார்கள். இவன் போய்க் கெஞ்சினான். அந்த வீட்டுக்காரர் குடியிருப்பின் விதிப் பலகையைக் காட்டினார். “பத்துலேர்ந்து அஞ்சு வரைக்கும் துளை போடலாம்னு எழுதியிருக்கு, படிச்சுப் பாருங்க.” கதவு சாத்தப்பட்டது. அவள் போர்வையை மடித்தாள்.

இன்று பார்க்க வந்தது மூன்றாவது மாடி. லிஃப்ட் கிடையாது. லிஃப்டே இல்லாத இடத்தில் மனிதர்களை எப்படி எடை போடுவது என்று படியேறும்போதே முணுமுணுத்தான். இரவு முழுக்க நின்றே வேலை பார்த்துவிட்டு நேராக வந்தவள், போர்வையை விரித்து ஜன்னலோரம் சாய்ந்ததும் அடித்துப் போட்ட மாதிரி தூங்கிவிட்டாள். புரோக்கர் சாவியைக் கொடுத்துவிட்டு நழுவினார். இவன் பால்கனியில் காவல் உட்கார்ந்தான்.

எதிரே ஒரு பட்டறை. நசுங்கிய கார் கதவு ஒன்றைப் போட்டு டமார் என்று ஒரு அடி. இவன் விழுந்தடித்துக்கொண்டு மூன்று மாடியும் இறங்கி ஓடினான்.

“அண்ணே, கொஞ்ச நேரம் தட்டாம இருக்க முடியுமா? மேல வீட்டுல என் சம்சாரம் தூங்குறா.”

பட்டறைக்காரர் நிமிர்ந்தார். “மேல காலியா இல்ல கிடக்கு?”

“ஆமாண்ணே. இனிமேதான் வரலாமான்னு பார்க்குறோம். அவ நர்ஸு. நைட் டியூட்டி.”

அவர் கையிலிருந்த சுத்தியலைப் பார்த்தார், மாடியைப் பார்த்தார். “சரி, பெயிண்ட் வேலை கிடக்கு. அதைப் பார்க்குறேன்” என்றார்.

அது கீழ்வீட்டில் இருந்த ஒரு அக்காவின் காதில் விழுந்தது. அவ்வளவுதான், வாசலில் பந்தடித்துக்கொண்டிருந்த பிள்ளைகள் தெருக்கோடிக்கு விரட்டப்பட்டார்கள். யார் வீட்டிலோ அலறிக்கொண்டிருந்த டிவி சன்னமாகிவிட்டது. ஸ்பீக்கரில் கூவியபடி பழ வண்டி ஒன்று திரும்பியபோது, பட்டறைக்காரரே பெயிண்ட் கையோடு நடுத்தெருவில் நின்று மறித்தார். பழக்காரர் ஸ்பீக்கரை அணைத்துவிட்டு வண்டியை மெல்லத் தள்ளிக்கொண்டு போனார்.

லிஃப்ட்காரன் மேலே வந்தான். அவள் அசையாமல் கிடந்தாள். முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது, பிறகு திக்கென்றது. இது ஒருநாள் கூத்து. அமைதியான தெரு என்று நம்பி அவள் சம்மதித்து, நாளைக்கே தூக்கம் கெட்டு, மறுபடி ஒரு மாத்திரை கை மாறினால்?

மதியம் தாண்டி எழுந்தவள் முகம் தெளிவாக இருந்தது. “இந்த வீட்டையே பிடிச்சிடலாங்க.”

“அவசரப்படாத. இது அமைதியான தெரு இல்ல. ஒரே இரைச்சல். நான்தான் கீழ போய்க் கெஞ்சினேன்.”

“தெரியும். முதல் அடியிலேயே முழிச்சிட்டேன். நீங்க ஓடுனதுலேர்ந்து எல்லாத்தையும் ஜன்னல்ல நின்னு பார்த்துட்டுத்தான் இருந்தேன்.”

“அப்புறம் எப்படித் தூங்கின?”

“அதைப் பார்த்த பிறகுதான் தூக்கமே வந்துச்சு.”

“தினமும் இப்படியே இருப்பாங்களா?”

“எப்படி இருப்பாங்க? அவங்களுக்கும் பொழப்பு இருக்குல்ல. தாங்கலைன்னா போய்ச் சொல்லலாம். சொன்னா காதுல வாங்குவாங்க.” போர்வையை உதறியபடி அவனைப் பார்த்துச் சிரித்தாள். கண் கலங்கியிருந்தது. “யாரு என்னன்னே தெரியாத எனக்காக ஒரு தெருவே கதவைப் பிடிச்சிட்டு நின்னுச்சு. லிஃப்ட் இல்லைன்னா உங்களுக்கு அது தெரியாதா?”

இத்தனை வருடம் அவன் அளந்ததையெல்லாம் அவள் காதில் போட்டுத்தான் வைத்திருந்திருக்கிறாள். இவளை ராணி மாதிரி தூங்க வைக்க வேண்டும் என்று தோன்றியது.

பால்கனிக்கு வந்தார்கள். கீழே பட்டறைக்காரர் அண்ணாந்து பார்த்து, சுத்தியலைத் தூக்கிக் காட்டி, தட்டலாமா என்று தலையாட்டிக் கேட்டார்.

“எழுந்துட்டேன், தட்டுங்கண்ணே!” என்று அவள் கத்தினாள்.

டமார் என்று விழுந்தது அடி. டிவி அலறியது, பந்து திரும்பி வந்தது. லிஃப்ட்காரன் புரோக்கருக்குப் போன் போட்டான். அந்த இரைச்சலில் அவர் சொன்னது ஒன்றும் விளங்கவில்லை. ஒரு காதைப் பொத்திக்கொண்டு “சரிங்க, சரிங்க” என்று மட்டும் கத்தினான்.