வெள்ளிமேனியாளை எரிக்கச் சொன்னவர்கள்

வெள்ளிமேனியாளை எரிக்கச் சொல்லி இருபத்து மூன்று கடிதங்கள் வந்திருந்தன. எரித்தால் பத்திரிகையையே எரிப்போம் என்று பதினாறு. மிச்சம் ஒன்பதில் ஆறு பேர், கதையை எழுதிய காளிராஜ் என்பவரைப் பிடித்து எரித்தால் தேவலை என்ற கட்சி.

காளிராஜ் என்பவர் ஆமத்தூரில் ஏழாம் வகுப்புக்குத் தமிழ் நடத்தும் ஜாஸ்பின் டீச்சர். பேய்த் தொடருக்கு ஜாஸ்பின் என்ற பேர் எடுபடாது என்று சென்னை வார இதழின் ஆசிரியர்தான் புதுப் பேர் சூட்டினார். ரகசியமாக இருக்கட்டும் என்றும் சொன்னார். சொல்லிவிட்டு, வாராவாரம் கடிதக் கட்டின் மேல் ‘காளிராஜ், மே/பா ஜாஸ்பின் டீச்சர்’ என்று கொட்டை எழுத்தில் எழுதி அனுப்பியதும் அதே மகராசன்தான். தபால்காரருக்குத் தெரிந்தது ஊருக்குத் தெரிய எத்தனை நாளாகும்? சர்ச்சில் பாக்கியவதி அம்மா வழிமறித்து, “வேதம் வாசிக்கிற வாயி, ரத்தக்காட்டேரி கதை எழுதலாமா?” என்று பத்துப் பேர் கேட்கக் கண்டித்தார். பிறகு பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தி, “அந்த மேஸ்திரியக் கடிச்சாளே, ஆளு பிழைச்சானா, போயிட்டானா?” என்றார்.

2005ஆம் வருடத்துத் தீபாவளி சீசன் அது. கதை இதுதான். வெடிமருந்து அறையில் தீப்பிடித்துச் செத்த ஒரு பெண், உடம்பெல்லாம் அலுமினியப் பவுடர் மினுங்க, ரத்தம் குடிக்கிறவளாகத் திரும்பி வருகிறாள். முதலில் ஏஜெண்டு, அப்புறம் மேஸ்திரி. அதுவரை வாசகர்கள் கைதட்டினார்கள். அடுத்து அவள் வயிறு நல்லவன் கெட்டவன் பார்க்காமல் போனதும் சண்டை மூண்டது. காரியாபட்டி மருந்துக்கடைக்காரர் ஒருவர், தன் மனைவி பொழுது சாய்ந்தால் கொல்லைக்குப் போகவும் துணைக்குக் கூப்பிடுகிறாள், உடனே பேயை முடிக்கவும் என்று எழுதினார். தூத்துக்குடியிலிருந்து ஒரு கல்லூரிப் பெண், அவளைக் கொன்றவர்களை விட்டுவிட்டு அவளை எரிக்கப் பார்க்கிறீர்களே, உங்களுக்கு வெட்கமாக இல்லையா என்று கேட்டிருந்தாள்.

ஜாஸ்பினுக்கு வெட்கமாகத்தான் இருந்தது. இவர்கள் எரி, எரிக்காதே என்று மல்லுக்கட்டிக்கொண்டிருக்க, அவள் இருபது நாளைக்கு முன்பே கடைசி அத்தியாயத்தை எழுதித் தபாலில் போட்டுவிட்டாள். அதில் ஊர் கூடி வெள்ளிமேனியாளை வைக்கோற்போருக்குள் வைத்து எரித்துவிட்டது. ஆசிரியருக்கு முழுத் திருப்தி. அவளுக்குத்தான் அன்றிலிருந்து இருப்புக்கொள்ளவில்லை. கரும்பலகையில் எழுதப் போய் எதற்கு வந்தோம் என்று மறந்து நின்றாள். குழம்பில் இரண்டு தடவை உப்புப் போட்டாள். அவளுடைய கணவர் நேசகுமார், சிவகாசி அச்சகத்தில் ஆப்செட் மிஷின் ஓட்டுகிற மனிதர், வாயைத் திறக்காமல் தின்றுவிட்டு இரண்டு சொம்பு தண்ணீர் குடித்தார்.

காரணம் அவளுக்குத் தெரியும். வெள்ளிமேனியாள் வெறும் கற்பனை அல்ல. முன்பு எம். புதுப்பட்டியில் ஜாஸ்பின் வேலை பார்த்தபோது பொன்மணி என்றொரு பிள்ளை அவள் வகுப்பில் படித்தது. இடது சுண்டுவிரல் உள்பக்கம் வளைந்திருக்கும். எட்டாவதோடு பட்டாசுக் கம்பெனிக்குப் போய், பத்தொன்பது வயதில் அறையோடு வெந்து போனது. பேப்பரில் நான்காவது பேராக வந்திருந்தது. போகவேண்டும் என்று நினைத்து, போகாமலே நாள் கடத்தி, பிறகு போக முகமில்லாமல் போயிற்று. துக்கம் கேட்கப் போகாத டீச்சர், அந்தப் பிள்ளையின் சுண்டுவிரலை எடுத்துப் பேய்க்கு வைத்துக் கதை எழுதினாள். எழுதும்போது அதைப் பாசம் என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

அன்றைய கட்டில் கடைசியாக ஓர் இன்லண்ட் கடிதம் இருந்தது. ஓரமெல்லாம் சாம்பல் நிறத்தில் விரல் தடம்.

‘அன்புள்ள காளிராஜ் சாருக்கு, எம். புதுப்பட்டியிலிருந்து கம்பெனி வேலைக்காரர்கள் பதினோரு பேர் எழுதுவது. போன வாரம் ஆத்தாக்காரி கதவைச் சாத்தினாலும் பிறகு மனசு மாறி, வெள்ளிமேனியாளை உள்ளே கூப்பிட்டுச் சோறு போட்டது எங்களுக்கு ரொம்பப் பிடித்திருந்தது. சோலையம்மாள் அக்கா அழுதுவிட்டது. இப்படிக்கு, வள்ளித்தாய்.’

ஜாஸ்பின் மூன்று தடவை படித்தாள். வெள்ளிமேனியாளைப் பெற்ற ஆத்தாக்காரி கதவைச் சாத்தியதோடு போன வார அத்தியாயம் முடிந்தது. திறக்கவே இல்லை. சோறு போடவும் இல்லை. அதைவிட அவளை உலுக்கியது அந்தப் பேர். சோலையம்மாள், பொன்மணியைப் பெற்றவள்.

சனிக்கிழமை மினிபஸ் பிடித்துப் போனாள். கம்பெனி வாசலுக்கு எதிரே வேப்பமரத்தடியில் பெண்கள் தூக்குவாளியைத் திறந்து வைத்து உட்கார்ந்திருந்தார்கள். முழங்கை வரை எல்லாருக்கும் வெள்ளி மினுக்கம். கழுவினாலும் போகாது.

“பொன்மணியோட டீச்சருல்ல! வாங்க, வாங்க. சாப்பிட்டீகளா?” சோலையம்மாள்தான் முதலில் எழுந்தாள். ஆள் பாதியாகியிருந்தாள்.

வள்ளித்தாயும் ஜாஸ்பினிடம் படித்தவள்தான்; சோற்று நேரத்தில் மற்றவர்களுக்குக் கதையை வாசித்துக் காட்டுவது அவள். அவள் மடியில் வைத்திருந்த போன வார இதழை வாங்கிப் பார்த்தாள் ஜாஸ்பின். நடுவில் பின்னுக்குப் பதில் வெள்ளை நூல் போட்டுத் தைத்திருந்தது.

“பின்னு எங்கம்மா?”

“கேட்டுல விடமாட்டாக டீச்சர். உள்ள இரும்பு ஆகாதுல்ல, உரசுனாப் பொறி பறந்துரும். ஊக்கு, கொண்டை ஊசி ஒண்ணும் ஆகாது. அதான் வாங்கின ஒடனே பின்னப் புடுங்கிட்டு நூலால தச்சுக்கிடுவேன்.”

நடுத்தாளைப் புரட்டியதும் விஷயம் விளங்கிவிட்டது. வாராவாரம் தொடர் அந்த ஒரு தாளில், நான்கு பக்கத்தில்தான் வரும். போன வார அத்தியாயத்தில் முதல் இரண்டு பக்கம் மகள் உயிரோடு இருந்த காலம். வேலை விட்டு வருகிறவளை ஆத்தாக்காரி, ‘வாடி உள்ள, சோறு ஆறுது’ என்று கூப்பிட்டுப் போடுவாள். அடுத்த இரண்டு பக்கத்தில் செத்த மகள் வந்து நிற்க, அதே ஆத்தாக்காரி கதவைச் சாத்துவாள். பின்னைப் பிடுங்கிய வள்ளித்தாய், தாளை உள்பக்கம் வெளியே வரும்படி மடித்துத் தைத்துவிட்டாள். ஆக, முதலில் கதவு சாத்தியது. பிறகு சோறு போட்டது. தமிழ்நாடு முழுக்க ஒரு கதை ஓட, இந்த மரத்தடியில் வேறொன்று ஓடியிருக்கிறது.

“காளிராஜ் நான்தான்,” என்றாள் ஜாஸ்பின். சொல்லாமல் இருக்க முடியவில்லை.

வள்ளித்தாய் வாயைப் பொத்திக்கொண்டாள். சோலையம்மாள் மட்டும் அசரவில்லை.

“மொத வாரமே சுண்டுவெரலப் பத்தி வந்துச்சு டீச்சர். எம்மகள நல்லாத் தெரிஞ்ச ஆளுதான் எழுதுதுன்னு நெனச்சேன். நீங்களா?”

“தப்புப் பண்ணிட்டேன்க்கா. உங்கள ஒரு வார்த்த கேட்டிருக்கணும்.”

“ரத்தம் குடிக்கிறான்னு எழுதினதுக்கா? குடிச்சுட்டுப் போகட்டும். அவ பசி அவளுக்கு.” சோலையம்மாள் கையை உதறிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். “அவ போனப்ப பதினாறு நாளும் வாசல்ல வெளக்கமாறும் செருப்பும் போட்டுக் கதவச் சாத்தி வச்சோம். அகால மரணம், தேடி வரும்னு சொல்லிட்டாக. நாலாம் நாளு வெளக்கு வைக்கிற நேரத்துல, ‘யாத்தா’ன்னு கூப்புட்டா டீச்சர். காத்தோ என்னமோ. எனக்குக் கேட்டுச்சு. நான் தெறக்கல. பெத்த பிள்ளைக்குப் பயந்துக்கிட்டு உள்ளயே உக்காந்திருந்தேன்.”

சோலையம்மாள் தூக்குவாளியைப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டாள்.

“உங்க கதையில அந்த ஆத்தா தெறந்தாளே. அன்னிக்குத்தான் எனக்கு ஒரு வாய் சோறு ஒழுங்கா எறங்குச்சு. அடுத்த வாரத்தோட முடியுதாமே, அவ என்ன ஆவா?”

ஜாஸ்பின் இதழை வள்ளித்தாயிடம் திருப்பிக் கொடுத்தாள். “வரட்டும்க்கா, கேளுங்க,” என்று மட்டும் சொன்னாள். அதைச் சொன்ன வாயை மினிபஸ்ஸில் வரும் வழியெல்லாம் திட்டிக்கொண்டே வந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் சென்னைக்குப் போன் போட்டாள். ஆசிரியர் சிரித்தார். “டீச்சர், அச்சாகி பண்டல் ரயில் ஏறப்போகுது. அட்டைப்படமே தீதான். பிரமாதமா வந்திருக்கு.”

நேசகுமார் கேட்டுக்கொண்டிருந்தார். “முப்பதாயிரம் பிரதி. அச்சு ஏறுனது ஏறுனதுதான். எத்தனையத் தேடிப் புடிச்சுக் கிழிப்ப?”

ஜாஸ்பின் அவரைப் பார்த்தாள். “ஒண்ணே ஒண்ணு,” என்றாள்.

அவர் வேலை பார்க்கும் அச்சகத்திலிருந்து அதே அளவுக்கு, அதே மங்கிய நிறத்தில் ஒரு தாள் வெட்டிக் கொண்டுவந்தார். மடித்தால் நான்கு பக்கம். ஜாஸ்பின் மூன்று நாள் எழுதி எழுதிக் கிழித்தாள். இத்தனை வாரம் கழுத்தைக் கடித்து ரத்தம் குடிப்பதை எழுதத் திணறாத கை, ஒருத்தி கதவைத் திறப்பதை எழுத முடியாமல் கிடந்து தவித்தது. ‘அம்மா கண்ணீர் மல்க’ என்று எழுதினாள், அடித்தாள். புதன்கிழமைதான் வழி பிடிபட்டது. மகள் வந்தாள், உட்கார்ந்தாள், சாப்பிட்டாள், குழம்பில் உப்பு கம்மி என்றாள். அதற்கு மேல் தானாக வந்தது.

வியாழக்கிழமை பள்ளி விட்டதும் வள்ளித்தாய் வீட்டுக்குப் போனாள். புத்தகம் அப்போதுதான் கடையிலிருந்து வந்திருந்தது. அட்டையில் ஒரு பெண் தலைவிரிகோலமாக எரிந்துகொண்டிருந்தாள். வள்ளித்தாய் உள்ளே நான்கு பக்கத்தையும் படித்துவிட்டு நிமிர்ந்தாள்.

“எரிச்சுட்டீகளா டீச்சர்?”

அட்டையைக் கிழித்து எடுத்தாள் ஜாஸ்பின். பின்னைப் பிடுங்கி, நடுத்தாளை உருவி, தன் தாளை வைத்தாள். வள்ளித்தாய் தைத்தாள். இந்தத் தடவை மடிப்பை நான்கு முறை சரிபார்த்தாள்.

வெள்ளிக்கிழமை அரைநாள் லீவு போட்டுவிட்டு மரத்தடிக்கு வந்து உட்கார்ந்தாள் டீச்சர். முப்பதாயிரம் பேர் படித்தபோதுகூட நெஞ்சு இப்படி அடித்துக்கொண்டதில்லை. வள்ளித்தாய் கையெழுத்தை அச்சைப் போலவே தடங்கலில்லாமல் வாசித்தாள். ஆத்தாக்காரி வாசலில் கிடந்த விளக்குமாற்றையும் செருப்பையும் காலால் ஒதுக்கினாள். கதவைத் திறந்தாள். சோறு போட்டாள். மகள் தின்றாள். கையைக் கழுவிவிட்டு ஆத்தாள் மடியில் தலை வைத்துப் படுத்தாள். அவ்வளவுதான் கதை.

“இது என்ன கூத்து?” அய்யம்மாளுக்குப் பொறுக்கவில்லை. “ஊரு பூரா ரத்தத்தக் குடிச்சவளுக்குச் சோறாக்கிப் போட்டுத் தாலாட்டா? தீயில தள்ள வேணாம்? இதுக்கா பத்து வாரம் கேட்டோம்?”

“உனக்கு என்னக்கா தெரியும், பேசாம இரு,” என்று நான்கு பேர் அவள்மேல் பாய்ந்தார்கள். மரத்தடி இரண்டு பட்டது. ஜாஸ்பின் யாரையும் கவனிக்கவில்லை. சோலையம்மாளை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சோலையம்மாள் கையை முந்தானையில் துடைத்துவிட்டுப் புத்தகத்தை வாங்கினாள். அவளுக்கு எழுத்து தெரியாது. ஆனால் இருபது வருடம் பட்டாசுக்குத் தாள் சுருட்டிய விரல். நடுத்தாளின் மேல் ஒருமுறை தடவினாள். திருப்பிப் பின்பக்கம் தடவினாள். பேனா அழுத்திய இடமெல்லாம் பின்னால் மேடு தட்டியிருந்தது. அச்சடித்த அடுத்த தாளைத் தடவினாள். அது வழவழவென்று இருந்தது.

சண்டை நடந்துகொண்டிருக்கும்போதே டீச்சர் பக்கம் சாய்ந்து, மற்றவர்களுக்குக் கேட்காமல் கேட்டாள்.

“மத்த ஊருலயெல்லாம் எரிச்சுட்டாகளா டீச்சர்?”

இல்லை என்று சொல்லிவிட ஒரு நொடி போதும். ஜாஸ்பினால் முடியவில்லை.

“ஆமாக்கா. நான்தான் எரிச்சேன்.”

சோலையம்மாள் தலையை ஆட்டிக்கொண்டாள். தையலைப் பல்லால் கடித்து அறுத்து, அந்த ஒரு தாளை மட்டும் உருவி, நான்காக மடித்து இடுப்பில் செருகினாள்.

“அப்ப இத நான் கொண்டு போறேன்,” என்றாள். “அவளுக்குப் போக இனி இந்த ஒரு வீடுதான இருக்கு.”