அது ஆம்ப்ரிதான்

எனிட் சாண்ட்விச்சுகளைக் குறுக்காக வெட்டித் தட்டில் அடுக்கிக்கொண்டிருந்தபோது, தபால் நிலையத்துக்காரி வந்து தோளைத் தொட்டாள்.

"பிடிச்ச இடத்துலயே கண்ண மூடிட்டாரு. குடுத்து வெச்சவரு."

எனிட் கத்தியைக் கீழே வைக்கவில்லை. "டாக்டர் ஏறவே கூடாதுன்னு சொன்ன இடம் அது," என்றாள். தோளிலிருந்த கை விலகிக்கொண்டது.

அடக்கம் முடிந்து எல்லோரும் ஊர்க்கூடத்துக்குத் தேநீர் குடிக்க வந்திருந்தார்கள். யாரைப் பார்த்தாலும் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. செத்துப்போன கணவர் லியோனல்மேல்தான் எல்லாரையும்விட அதிகம். இதயம் பழுதான மனுஷர், கடைக்குப் போவதாகப் பொய் சொல்லிவிட்டு, மிட்சம்மர் குன்றின் உச்சியிலிருக்கும் ஆதிகாலத்து மண்கோட்டைக்கு ஏறியிருக்கிறார். தூரத்தில் தொடுவானத்தில் தெரியும் ஒரு மேட்டுக்கு என்ன பெயர் என்று சிநேகிதர் கிளமெண்டோடு சண்டை. லியோனல் அதை ஆம்ப்ரிக் கோட்டை என்பார், கிளமெண்ட் வாப்லிக் கோட்டை என்பார். கீழேயிருந்து பார்த்தால் தீராதென்று மேலே போயிருக்கிறார்கள். கல்யாண நாளை மறந்துபோகிற மனுஷர், இந்தச் சண்டையை மட்டும் ஒரு வருஷமும் மறந்ததில்லை.

கிளமெண்ட் வாசலோரம் தனியாக நின்றிருந்தார். எனிட் நேராக அவரிடம் போனாள்.

"கடைசியா என்ன பேசினாரு?"

"இப்போ எதுக்கு எனிட் அதெல்லாம்?"

"நீதானே கூட இருந்தே. சொல்லு."

அவர் செருமிக்கொண்டார். "மூச்சு வாங்குதுன்னு புல்லுல உக்காந்தான். பைனாகுலர என் கையில குடுத்து, 'நல்லாப் பாருடா, ஆம்ப்ரிதானே'ன்னான்."

"நீ என்ன சொன்னே?"

கிளமெண்ட் தரையைப் பார்த்தார்.

"உன்னத்தான் கேக்கறேன்."

"வாப்லின்னேன். இப்படி ஆகும்னு எனக்குத் தெரியுமா? அது வாப்லிதான் எனிட்."

"ஆமான்னு ஒரு வார்த்தை. சொன்னா கொறஞ்சா போயிடுவே?" அவள் குரல் உயரவில்லை. ஆனாலும் பக்கத்தில் நின்றவர்கள் தட்டுகளோடு நகர்ந்துபோனார்கள். "அப்புறம்?"

"சிரிச்சான். 'போடா கழுதை'ன்னான். அவ்வளவுதான்."

"என்னைப் பத்தி?"

அவர் கையிலிருந்த தேநீர்க் கோப்பையைத் திருப்பிக்கொண்டிருந்தார்.

ஊருக்குப் புதிதாக வந்திருந்த இளம் பெண் பாதிரியார் அவர்கள் இருவருக்கும் நடுவே வந்து நின்றாள். எதையாவது பேசிச் சூட்டைத் தணிக்க நினைத்தாளோ என்னவோ, வாசல் வழியே வெளியே கைகாட்டினாள். "அதோ, கடைசியில தெரியுதே, அது எந்த மலை?"

எனிட் அந்தப் பக்கம் திரும்பவில்லை. கிளமெண்டின் முகத்தையே பார்த்தாள்.

"ஆம்ப்ரி," என்றாள். "மேல பழைய கோட்டை இருக்கு."

கிளமெண்டின் வாய் திறந்தது. அப்புறம் பாதிரியார் பக்கம் திரும்பினார்.

"ஆமா," என்றார். "ஆம்ப்ரிதான்."

எனிட் அவர் கையிலிருந்த ஆறிப்போன கோப்பையை வாங்கிக்கொண்டு சமையலறைக்குப் போனாள். தேநீரைத் தொட்டியில் கொட்டிவிட்டுக் குழாயைத் திறந்தாள். கோப்பை நிரம்பி, விரல்கள்மேல் வழிந்துகொண்டிருந்தது. அவள் குழாயை மூடவில்லை.