போன வார வசனம்

வாரம் ஒரு நாடகம், தினம் இரண்டு ஆட்டம். மோர்கம் என்ற ஊரின் கடற்கரை அரங்கில் இந்த வார நாடகத்தை நடித்துக்கொண்டே அடுத்த வார நாடகத்தை மனப்பாடம் செய்ய வேண்டும். போன வார நாடகத்தை மறந்து தொலைக்கவும் வேண்டும். இந்தக் கடைசிக் காரியம்தான் கிளிஃபர்டுக்குக் கைவரவில்லை. நாற்பதை நெருங்கும் நடிகர், போன ஊர்களிலெல்லாம் இதனாலேயே வேலையை இழந்தவர். திங்கட்கிழமை காலை ஒத்திகையில் முதலாளி பேக்‌ஷா எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார்: "யோவ், இன்னிக்கு ஒரு வரி உளறினாலும் நாளைக்கு ரயில் ஏறிடு."

ஹெட்டி ஆர்மராடுக்கு அந்தத் தொல்லையெல்லாம் கிடையாது. பதினாறு வயதில் தேநீர்த் தட்டு ஏந்தும் வேலைக்காரியாக மேடையேறியவர். காதலி, மனைவி, மாமியார் என்று மேடையிலேயே வயதேறி, எழுபதில் விதவை வேஷத்துக்கு வந்திருந்தார். லண்டன் ஒரு முறை கூப்பிட்டது. போனார். "ஒரே நாடகத்த வருஷம் பூரா ஓட்டுறாங்கப்பா, எனக்குத் தூக்கம் வருது" என்று திரும்பிவிட்டார். அப்படி ஒரு பிறவி!

அன்று மதியம் முதல் ஆட்டம். டாக்டர் வேஷத்தில் கிளிஃபர்ட் கதவைத் திறந்து வந்து, கணவர் இறந்த செய்தியை ஹெட்டியிடம் சொல்ல வேண்டும். கதவு போன வாரக் கதவுதான், மேலே பச்சை பூசியிருந்தார்கள். போன வாரமும் அவர் டாக்டர்தான். திறந்தார். வாய் தானாகப் பேசியது.

"வாழ்த்துகள்மா! பொண்ணு பொறந்திருக்கா!"

போன வாரமும் வந்திருந்தவர்களுக்கு விஷயம் புரிந்துவிட்டது. பின்வரிசையில் சிரிப்பு கிளம்பியது. கிளிஃபர்டின் முகம் மாறியது.

ஹெட்டி மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்தார்.

"அது வேற யாருக்கோ உள்ள சேதி, டாக்டர். ஆள் மாறிச் சொல்லிட்டீங்க. எனக்குச் சொல்ல வேண்டிய சேதியும் உங்ககிட்ட இருக்கு. இல்லேன்னா முகம் இப்படி மாறாது. உக்காந்து சொல்லுங்க."

சிரிப்பு சட்டென்று நின்றது. கிளிஃபர்ட் உட்கார்ந்து சொன்னார். முன்வரிசையில் கைக்குட்டைகள் வெளியே வந்தன.

திரை விழுந்ததும் பேக்‌ஷா ஓடி வந்தார். "பிரமாதம்! யாரோட யோசனை இது?"

"இவரோடதுதான்" என்று ஹெட்டி கிளிஃபர்டைக் காட்டினார்.

"அடுத்த ஆட்டத்துலயும் வெச்சுக்குங்க. வாரம் பூரா வெச்சுக்குங்க. யோவ், நீ ரயில் ஏற வேணாம்."

கிளிஃபர்ட் ஹெட்டியின் அறைக்குப் போனார். அவர் வெந்நீரில் கால்களை வைத்தபடி, அடுத்த வார வசனத்தைப் படித்துக்கொண்டிருந்தார்.

"ஹெட்டிம்மா, என் மானத்தக் காப்பாத்திட்டீங்க. அந்த நேரத்துல எப்படித்தான் தோணுச்சோ!"

"தோணல கண்ணு. எங்க வீட்டுக்காரர் ஹெரால்டு ஆஸ்பத்திரியில கெடந்தார். ஒரு புது டாக்டர் சிரிச்சுக்கிட்டே வந்து, பொண்ணு பொறந்திருக்குன்னார். பக்கத்து பெஞ்சுக்காரம்மாவுக்குச் சொல்ல வேண்டியது. அப்புறம் என் பேரக் கேட்டார், முகம் மாறிடுச்சு. அன்னிக்கு நான் சொன்னதத்தான் இன்னிக்கும் சொன்னேன்."

கிளிஃபர்ட் நினைத்துப் பார்த்தார். தினம் இரண்டு முறை, வாரம் முழுக்க, இதை அல்லவா ஹெட்டி சொல்ல வேண்டும்!

"வேணாம்மா. அடுத்த ஆட்டத்துல சரியான வசனத்தையே சொல்லிடறேன். வேலை போனாப் போகட்டும்."

"பைத்தியம்! அன்னிக்கு அந்தச் சேதிய நான் ஒருத்தியா உக்காந்து கேட்டேன். இன்னிக்கு ஒரு ஊரே என்கூட உக்காந்து கேட்டுச்சு. போ, நல்லா சிரிச்ச முகமாச் சொல்லு. இழுக்காதே."

இரண்டாம் ஆட்டம். கிளிஃபர்ட் பச்சைக் கதவுக்குப் பின்னால் நின்றார். வாழ்க்கையில் அவருக்கு மறக்கவே மறக்காத ஒரே வசனம் இதுதான். சொல்லத்தான் வாய் வரவில்லை. கதவைத் திறந்தார். சிரித்தார்.

"வாழ்த்துகள்மா! பொண்ணு பொறந்திருக்கா!"

ஹெட்டி மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்தார், அந்தச் செய்தியை அப்போதுதான் முதன்முறையாகக் கேட்பவரைப் போல.