கைமாறிய வயிற்றுவலி

பேருந்து ஓட்டுநரின் வயிற்றுவலி காலை பத்தே காலுக்கு அவரை விட்டு அவர் மனைவிக்கு மாறியது. அவசர சிகிச்சைப் பிரிவில் அப்போது நாற்காலிகள் நாற்பது, நோயாளிகள் நூற்றுப்பத்து. விடிந்ததிலிருந்து சுருண்டு கிடந்தவரின் கையைப் பிடித்துக்கொண்டு, பள்ளிச் சீருடை தைத்துப் பிழைக்கும் அவர் மனைவி, "கொஞ்ச நேரம் எங்கிட்ட குடுங்க, நீங்க கண்ணை மூடுங்க" என்றாள். ஒரு பேச்சுக்குத்தான் சொன்னாள். வலி வந்துவிட்டது. அவர் சுவரில் சாய்ந்து குறட்டை விட, அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் விரல் நசுங்கிக் காத்திருந்த லேத் தொழிலாளி விஷயத்தைக் கேட்டு, "இங்க தள்ளுங்கக்கா. எனக்குக் கைதானே போச்சு, வயிறு சும்மாத்தான் இருக்கு" என்று வாங்கிக்கொண்டார். அவரிடமிருந்து கணுக்கால் பிசகிய தபால்காரருக்கும், அவரிடமிருந்து நெற்றி கிழிந்த கணக்கு டீச்சருக்கும் அது போனது. அன்று காலை அந்த வரிசையில் நகர்ந்தது அது ஒன்றுதான்.

பன்னிரண்டு மணிக்கு நர்ஸ் வந்து, வலி பத்துக்கு எத்தனை என்று ஓட்டுநரைக் கேட்டார். "ஒண்ணுமே இல்லம்மா" என்றார் அவர், தூக்கம் கலையாமல். நர்ஸ் அவர் சீட்டை அவசரக்காரர்களின் சிவப்புத் தட்டிலிருந்து எடுத்து, காத்திருக்கலாம் என்பவர்களின் பச்சைத் தட்டின் அடியில் செருகினார். வலி வேறொருத்தரிடம் இருக்கிறது என்று மனைவி பதறியதற்கு, "அப்ப அவங்களை வரச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவள் கணவரைத் தொட்டுப் பார்த்தாள். நெற்றி கொதித்தது, வயிறு பலகையாய் இறுகியிருந்தது. போனது வலிதான், நோய் போகவில்லை.

டீச்சரைத் தேடினால், தையல் போட்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்களாம். அவள் செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினாள். பேருந்து நிறுத்தத்தில் டீச்சர் கம்பத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, முகமெல்லாம் வியர்வையாக நின்றிருந்தார். "உள்ளே திரும்பி நடக்க முடியலை. நீங்க வருவீங்கன்னு மூணு பஸ்ஸை விட்டுட்டேன்" என்றார். வாங்கியபோது அது காலையில் இருந்ததைப் போல இரண்டு மடங்காகியிருந்தது. அவள் சுவரைப் பிடித்துப் பிடித்துத் திரும்பி வந்தாள்.

இருபத்தாறு வருஷமாக, அவருக்கு ஒரு தலைவலி என்றாலும் அது தனக்கு வரட்டும் என்று வேண்டிக்கொண்டவள். தூங்குகிறவரின் கையைப் பிடித்தாள், விட்டாள், மறுபடி பிடித்தாள். "மன்னிச்சிடுங்க" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தாள். அவர் போட்ட அலறலில் இரண்டு தட்டுச் சீட்டுகளும் தரையில் சிதறின. இருபது நிமிஷத்தில் அறுவை அறைக்குள் கொண்டுபோனார்கள். குடல்வால் வெடித்திருந்தது. இன்னும் ஒரு மணி நேரம் போயிருந்தால் கையை விரித்திருப்போம் என்றார் மருத்துவர்.

மூன்றாம் நாள் அவர் வயிற்றுத் தையல் சுரீரென்று இழுத்தபோது அவள் கையை நீட்டினாள். அவர் தன் கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டார். "இது எங்கிட்டயே இருக்கட்டும். நீ போய் ஒரு வாய் சாப்பிட்டு வா."

அந்தப் பிரிவில் இன்றைக்கும் நாற்காலிகள் நாற்பதுதான். சீட்டு எழுதுகிறவர் மட்டும் ஒரு கேள்வியைக் கூடுதலாகக் கேட்கிறார். வலி யாருக்கு என்று எழுதிக்கொண்டு, இப்போது யாரிடம் இருக்கிறது என்கிறார். வந்தவர்களும் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, ஆளைக் காட்டுகிறார்கள்.