கவிழ்க்காத அண்டா

விடியும் முன்பே கொதிக்கும் கால்வாய்த் தண்ணீரில் துணி துவைத்து டார்கஸின் கைகள் முழங்கை வரை வெந்துபோயிருந்தன. ராணுவ ஆஸ்பத்திரியின் போர்வைகள், சீழும் ரத்தமும் காய்ந்து விறைத்துக் கிடந்தன. அமெரிக்க உள்நாட்டுப் போர்க் காலத்தில் பண்ணை அடிமைத்தனத்திலிருந்து தப்பி வாஷிங்டன் வந்த கறுப்புப் பெண்களுக்கு இந்தச் சந்தில் சலவைதான் பிழைப்பு.

சந்தின் அடிபம்புக் கைப்பிடியை முந்தாநாள் பிராட்டில், இந்தக் குடிசைகளையும் ஆஸ்பத்திரிச் சலவையையும் குத்தகைக்கு எடுத்திருப்பவன், கழற்றிக்கொண்டு போய்விட்டான். ராணுவத்துக்கு விற்கும் கோவேறு கழுதைகளுக்குத் தண்ணீர் போதவில்லையாம். பக்கத்துச் சந்துக்காரர்கள் தண்ணீர் கொடுத்தால் அவர்களையும் காலி செய்வானாம். மிச்சம் கால்வாய்தான், ஊர்க் கழிவும் செத்த குதிரைகளும் மிதக்கும் பாழாய்ப்போன கால்வாய். தாகம் தாங்காமல் அதைக் குடித்த மகள் ஃபீபி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடக்கிறாள்.

பிராட்டில் வந்தான். டார்கஸ் எழுந்து நின்றாள்.

"கைப்பிடியைக் குடுங்க துரை. புள்ள சாகக் கெடக்கு."

"கால்வாய்ல தண்ணி ஓடுதே?"

"அதை உங்க கழுதைக்குக் காட்டுவீங்களா?"

"கழுதை என்ன வெலைன்னு தெரியுமா உனக்கு?"

"எனக்கும் வெலை போட்டாங்க துரை. நல்லாவே தெரியும்."

அவன் முகம் சிவந்தது. "மத்தியானம் வண்டி வரும். துணி வெளுக்கலேன்னா குடிசையைக் காலி பண்ணுங்க."

அவன் போனதும் பெண்கள் டார்கஸின் குடிசையில் கூடினார்கள். பக்கத்துக் குடிசை வைனி, வந்ததும் வாசலில் இரும்பு அண்டாவைக் கவிழ்த்தாள். பண்ணையில் நாலு பேர் கூடினால் அப்படித்தான். பேச்சு அண்டாவுக்குள் அடங்கி, எசமான் காதுக்குப் போகாது என்று நம்பிக்கை.

"நிமித்துடி அதை," என்றாள் டார்கஸ். "இன்னும் எவனுக்குப் பயந்து குசுகுசுக்கணும்?"

"தொரத்திட்டா எங்க போவோம் அக்கா?"

"தெருவுக்குத்தான். எனக்கும் பயமாத்தான் இருக்கு. ஆனா இங்க இருந்தா அடுத்தது உன் புள்ளைடி."

வைனி அண்டாவை நிமிர்த்தினாள். அப்புறம் எல்லோரும் வாய்விட்டே பேசினார்கள்.

மத்தியானம் பிராட்டில் வண்டியோடு வந்தபோது சந்தின் வாயை மறித்து அண்டாக்கள் வரிசையாய் நின்றன, ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாமல். அழுக்கு மூட்டைகள் மேல் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

"என்ன திமிரு இது?"

"கைப்பிடி வந்தா துணி வெளுக்கும் துரை."

"ராத்திரிக்குள்ள எல்லாரும் தெருவுலதான்."

யாரும் எழுந்திருக்கவில்லை. வைனி மட்டும் எழப் பார்த்தாள். டார்கஸ் அவள் தோள்மேல் கையை வைத்து அழுத்தினாள். அப்போது பிராட்டிலுக்குப் பின்னால் தரையில் இரும்பு இழுபடும் சத்தம் கேட்டது. பக்கத்துச் சந்துப் பெண்கள் தங்கள் அண்டாக்களை இழுத்துக்கொண்டு வந்தார்கள். முன்னால் வந்தவள் கையில் ஒரு வாளி நல்ல தண்ணீர்.

"மொதல்ல புள்ளைக்குக் குடு," என்றாள் அவள்.

"நாம பேசுனது அங்க வரைக்கும் கேட்டுருச்சு அக்கா," என்றாள் வைனி.

"கேக்கத்தானேடி பேசுனோம்," என்று டார்கஸ் வாளியை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள்.